விலங்கியல் முடித்தாயிற்று: ஆறு மாதக் களப்பணிக்குப் போகவா, குரூப் 4-க்குப் படிக்கவா?

அய்யலூர்த் தேவாங்கு:

வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்ப் பக்கம் ஒரு கிராமம். இந்த ஏப்ரலில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தேன், 74 சதவீதம். அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். தம்பி பிளஸ் டூ.

எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் ராத்திரி டார்ச் அடித்தால் சில நாள் இரண்டு சிவப்புப் புள்ளி தெரியும். தேவாங்கு. அதைப் பார்த்தால் ஆகாது என்று பாட்டி என் கண்ணைப் பொத்துவாள், நான் விரல் இடுக்கில் பார்ப்பேன். 2022-இல் கடவூர் மலையைச் சுற்றித் தேவாங்குக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தேவாங்கு என்றால் திட்டுகிற வார்த்தைதான்.

இப்போது விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணி உதவியாளராக வரச் சொல்கிறார்கள். ஆறு மாதம், மாதம் 14,000, தங்க இடம் உண்டு. போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். வீட்டில் பி.எட். சேர், இல்லையென்றால் குரூப் 4 எழுது என்கிறார்கள். "புலிச் சாணம் அள்ளவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்று அம்மா கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆறு மாதம் எதற்காவது ஆகுமா, இல்லை ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி வீட்டுத் திண்ணைதானா? மேலே எம்.எஸ்சி. எங்கே படிப்பது? பெண்பிள்ளை தனியாகப் போகலாமா என்று பெரியப்பா வேறு தினமும் கேட்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

புலுக்கை:

முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்தப் புலுக்கைதான். முதல் வேலையில் எட்டு மாதம் மான் புலுக்கை எண்ணினேன். தரையில் நான்கு குச்சி நட்டு, நூல் கட்டி, அந்தக் கட்டத்துக்குள் குனிந்து எத்தனை குவியல், புதியதா பழையதா என்று எழுத வேண்டும். கூட இருந்தவர்கள் வைத்த பெயர், பதின்மூன்று வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் சொல்லுமா, சாணம் அள்ளுவதற்கும் சம்பளம் உண்டு என்று. புலி எச்சத்தில் இருந்து மரபணு எடுத்து எந்தப் புலி என்று சொல்கிறார்கள், அதில் இருக்கும் ரோமத்தை வைத்து என்ன தின்றது என்று சொல்கிறார்கள்.

போ என்றுதான் சொல்வேன். ஆனால் போனில் பேசி முடித்ததை நம்பிப் போகாதே. என் முதல் திட்டத்தில் நான்கு மாதம் சம்பளம் வரவில்லை. "நிதி இன்னும் இறங்கவில்லை" என்றார்கள். என் கையில் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? அரிசிக்கும் போன் ரீசார்ஜுக்கும் விருதுநகரில் இருந்து அப்பா அனுப்பினார். வேலைக்குப் போன மகளுக்கு வீட்டில் இருந்து பணம் வருகிற கொடுமை உனக்கு வேண்டாம். அதனால் பணி ஆணை எழுத்தில் வேண்டும், அதில் சம்பளத் தேதி வேண்டும். விபத்துக் காப்பீடு யார் போடுகிறார்கள் என்று கேள். பாம்புக்கடி மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரி வண்டி யாருடையது என்று கேள். கழிப்பறை எங்கே என்று கூச்சப்படாமல் கேள். வேறு பெண்கள் தங்குகிறார்களா, முடிந்ததும் அனுபவச் சான்றிதழ் உண்டா என்றும் கேள். இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம் வரும். கேட்டதற்காக வேண்டாம் என்று சொல்கிற இடத்துக்கு நீ போகவே வேண்டாம்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் வெளிச்சம் வந்ததும் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொரு மான் கூட்டத்துக்கும் தூரம், காம்பஸ் கோணம், எத்தனை தலை என்று எழுத வேண்டும். உங்களோடு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் வருவார், பெரும்பாலும் அந்த மலைக்காரர். என்னோடு வந்த பெரியவர் ஒரு நாள் பாதையில் கிடந்த யானை லத்தியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "சூடு இருக்கு, நில்லுங்க" என்றார். நின்றோம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து முன்னால் மூங்கில் முறிகிற சத்தம். அவர் அப்போது இருபது வருடமாகத் தினக்கூலி. என் நான்கு மாதச் சம்பளக் கதையை அதற்கப்புறம் அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பேராசிரியரிடம் படித்தாலும் சரி, உன் முதல் வாத்தியார் அவரைப் போன்ற ஒருவர்தான். பேரைக் கேட்டு எழுதிக்கொள், அறிக்கையில் அவர் பேர் வருகிறதா என்று பார்.

கேமராப் பொறி வைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். முழங்கால் உயரத்தில், பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புலிக்கு இடது பக்க வரி வேறு, வலது பக்க வரி வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால், நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒரே புலியா என்று சொல்ல முடியாமல் போகலாம். இதுவரை கேட்க நன்றாக இருக்கிறதா? அப்புறம் ஆயிரக்கணக்கில் படங்கள் வரும், அதில் பெரும்பாதி புல் ஆடுவது. காட்டில் இருக்கிற நேரத்தைவிட எக்செல் முன்னால் இருக்கிற நேரம் அதிகம், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்குக் காடு தெரிந்தது பாதிக் காரணம்தான். வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், புள்ளிவிவரக் கணக்குப் போடும் ஆர் கணினி மொழியும் இலவசம். சாயங்காலம் மழையில் அடைபட்டுக் கிடக்கும்போது அந்த இரண்டையும் பழகு.

எம்.எஸ்சி.க்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, நம் ஊர்ச் செலவுக்குள் வரும். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) இரண்டும் நுழைவுத் தேர்வு வைத்து மிகக் குறைந்த பேரை எடுப்பவை. பெங்களூரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கை. அதனால்தான் முதலில் களம், பிறகு படிப்பு என்கிறேன். நேர்முகத்தில், அட்டைக்கடி வாங்கிய பிள்ளை பேசுவது தனியாகத் தெரியும்.

பணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு பி.எஃப். வந்ததே ஏழாவது வருடம். இன்றைக்கும் வருட ஒப்பந்தம்தான். நடுவில் சம்பளத்துக்காக ஒரு வருடம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்தேன். சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கைக்குப் பிறகு அந்தத் தொழில் நன்றாகவே ஓடுகிறது, சம்பளம் இருமடங்கு. ஒரு கல்குவாரிக்குப் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் பறவைப் பட்டியல் வேண்டும் என்றார்கள். நான் களத்துக்குக் கிளம்புவதற்குள், பழைய அறிக்கையில் இருந்து எடுத்து ஒட்டிய பட்டியல் தயாராக இருந்தது. கடல் எட்டிப் பார்க்காத ஊரில் கடற்காகம்! கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கே போனால் அந்தத் துறையும் நல்ல துறைதான்.

கடைசியாக ஒன்று. உன் வேலியில் தேவாங்கு இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு மலைக்கு ஓடுகிறாயே! டார்ச் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டு. தேதி, நேரம், எந்த மரம், எத்தனை என்று இன்று ராத்திரியில் இருந்து ஒரு நோட்டில் எழுது. ஒன்றுமே தெரியாத நாளையும் எழுது, அதுவும் தகவல்தான்.

பீட் 14:

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் வனக்காப்பாளர், அதனால் குரூப் 4 பக்கம் மட்டும் சொல்கிறேன். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024-இல் இருந்து குரூப் 4-க்குள்ளேயே வந்துவிட்டன. அதனால் வீட்டில் சொல்வதும் நீங்கள் ஆசைப்படுவதும் ஒரே பரீட்சையில் இருக்கின்றன, தங்கச்சி. 200 கேள்வி, அதில் 100 தமிழ், தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். களப்பணிக்குப் போனாலும் புத்தகத்தைக் கொண்டு போகலாம்.

எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. பெண்களுக்கு உயரம் 150 செ.மீ. வேண்டும். மார்பளவு 74, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அப்புறம் நடை. ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16, இரண்டுமே நான்கு மணி நேரத்தில். நான் அதற்கென்று புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போன புத்திசாலி. பதினெட்டாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு முடித்தேன், ஒன்பது நிமிடம் மிச்சம். பழைய ஷூவில் போங்கள்.

வேலை கிடைத்தால் விலங்கோடு இருப்போம் என்று நினைத்துவிட வேண்டாம். தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். யானை வாழையில் இறங்கினால் விடியும்வரை அங்கே, விடிந்ததும் அதே தோட்டக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இழப்பீட்டுக்கு மரம் எண்ண வேண்டும். கோர்ட்டுக்கு அலைய வேண்டும். மாதத்தில் பாதி நாள் மனிதர்களோடுதான். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.

விலங்கியல் பட்டம் இருப்பதால் ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வும் எழுதலாம், அதன் முதல்நிலை சிவில் சர்வீசஸோடு சேர்ந்தது. அதற்கு வருடக்கணக்கில் உட்கார வேண்டும், வீட்டு நிலைமை பார்த்து முடிவு செய்யுங்கள்.

கலுங்கு:

எல்லோரும் காடு, புலி என்றே பேசுகிறீர்கள். இயற்கை வளம் காட்டில் மட்டுமா இருக்கிறது? தமிழ்நாட்டில் கண்மாய், ஏரி என்று சுமார் 39,000 இருக்கின்றன. நான் சிவகங்கைப் பக்கம் கண்மாய் வேலையில் இருபத்தைந்து வருடம் கழித்தவன். படித்தது பி.ஏ. வரலாறு.

முதல் மூன்று மாதம் நான் செய்தது டீ குடித்ததுதான். மேல்மடைக்காரர் கடையில் ஒரு டீ, கீழ்மடைக்காரர் கடையில் ஒரு டீ. யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரியாமல் கூட்டம் போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். அதற்கப்புறம்தான் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை நடந்தே பார்த்தோம். கண்மாய்க்கு ஐந்து வருடமாகத் தண்ணீர் வரவில்லை, மழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் ஓரிடத்தில் கால்வாய் நேராகப் போய் ஒரு கல்யாண மண்டபத்துச் சுற்றுச்சுவரில் முட்டுகிறது. வரைபடத்தை யாரும் நம்பவில்லை. ஒரு பாட்டி வந்து, "இந்த இலுப்பைக்கு அங்கிட்டுத்தான் கால் போகும், நான் இதில் துணி துவைச்சிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. சுவரில் வழி விட ஒன்றரை வருடம் ஆனது, அது வேறு கதை.

கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கில் மேலூரார் மணல் மூட்டை அடுக்கினால் அவர்களுக்கு ஒரு சாண் தண்ணீர் கூடும், கீழூரில் கண்மாய் நிறையாது. இதைப் பேசித் தீர்க்கிற ஆளுக்கு என்ன பட்டம் வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேச்சு வேண்டும், கணக்கு வேண்டும், லெவல் பார்க்கத் தெரிந்தால் நல்லது. மதுரையில் தானம் அறக்கட்டளையின் வயலகம் இந்த வேலையைத்தான் செய்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் 1993-இல் இருந்து பழங்குடி மக்களோடு தேன், காட்டு விளைபொருள் என்று வேலை செய்கிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அகத்தியமலை மையம் தாமிரபரணியில் வருடாவருடம் நீர்ப்பறவை கணக்கெடுக்கிறது, தன்னார்வலராகப் போனாலே நாலு பேர் அறிமுகமாவார்கள். மலைக்குப் போய்விட்டு வா மகளே. வந்த பிறகு கீழேயும் வேலை இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

அய்யலூர்த் தேவாங்கு:

எல்லோருக்கும் நன்றி. புலுக்கை அக்கா சொன்ன கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை, சரி போச்சு என்று நினைத்தேன். நேற்று பணி ஆணை மின்னஞ்சலில் வந்தது, சம்பளத் தேதி 7 என்று போட்டிருக்கிறது. இன்னும் இரண்டு பெண்கள் தங்குகிறார்கள், கழிப்பறை உள்ளேயே. காப்பீட்டுக்கு மட்டும் "பார்க்கிறோம்" என்றார்கள். அம்மா இன்னும் பேசவில்லை.

புலுக்கை:

"பார்க்கிறோம்" என்பது பதில் இல்லை, இன்னொரு தடவை கேள், எழுத்தில் கேள். அதற்குள் உன் வங்கிக் கணக்கில் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டைப் போட்டுவிடு. வருடத்துக்கு 20 ரூபாய்தான், 2 லட்சம் வரை. அது போதாது, இருந்தாலும் இல்லாததற்கு இருக்கட்டும். தேவாங்கு நோட்டு என்ன ஆயிற்று?

அய்யலூர்த் தேவாங்கு:

கேட்டுவிட்டேன் அக்கா. பேரைச் சேர்த்துவிட்டோம் என்று பாலிசி எண்ணோடு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கிளம்புகிறேன். அம்மா பேசவில்லைதான், ஆனால் பருப்புப் பொடி வறுக்கிற வாசம் வருகிறது.

நோட்டு பதினொரு நாள் எழுதினேன், நான்கு நாள்தான் தெரிந்தது. நான் போன பிறகு யார் எழுதுவது என்று தம்பியைக் கேட்டேன், முடியாது என்றுவிட்டான். இன்று காலையில் பார்த்தால் நோட்டில் அப்பா கையெழுத்து. கடை பில் எழுதுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்: "இரவு 9.10. கடையில் இருந்து வரும்போது. கிழக்கு வேலி, கிளுவை. உருப்படி 1."

புலுக்கை:

அப்பாவைப் பென்சிலில் எழுதச் சொல். நீயும் பென்சிலே கொண்டு போ, மழையில் பேனா மை கரைந்துவிடும்.