வாவிக் கட்டுரைகளுக்கு 31 மேற்கோள், டெங்குக் கட்டுரைக்கு 263: விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

வாவிக்கரை, நாவற்குடா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

நான் நீர்ச்சூழல் படித்தவள். கலாநிதிப் பட்டத்துக்காக மட்டக்களப்பு வாவியில் 26 மாதம் தண்ணீர் எடுத்தேன். பாலமீன்மடு முகத்துவாரத்திலிருந்து மண்டூர் வரை 11 இடங்கள். விடிய நாலரைக்குத் தோணி ஏறினால்தான் வெயில் ஏறுவதற்குள் வடபக்கம் முடியும். தென்பக்கத்துக்கு வேறொரு நாள். குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களை ஏற்றும் மிதவை) ஏறி அக்கரை போவேன், போத்தல் பெட்டி மடியில் இருக்கும். மாரியில் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல்திட்டை வெட்டிவிட்ட பிறகு எத்தனை நாளில் உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது, அந்த நாட்களில் இறால் குஞ்சு எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. அதிலிருந்து மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றிலும் முதல் ஆசிரியர் நான்.

இப்போது கணக்கு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் என் பெயரில் 19 கட்டுரைகள், 412 மேற்கோள்கள் (அதாவது வேறு கட்டுரைகள் இவற்றைக் குறிப்பிட்ட தடவைகள்), கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்துப் பார்க்கும் எச்-இன்டெக்ஸ் 8. இந்த 412இல் 263 ஒரே ஒரு டெங்குக் கட்டுரைக்கு வந்தவை. அதில் 14 ஆசிரியர்கள், என் பெயர் ஒன்பதாவது. நுளம்புக் குடம்பி எடுத்த இடங்களுக்கு வரைபடம் செய்தேன், மழைத் தரவை ஒழுங்குபடுத்தினேன். ஆறு கிழமை வேலை. வயல் உவராவது பற்றி விவசாயத் துறையினரோடு எழுதியதற்கு 58. வாவிக் கட்டுரைகள் மூன்றுக்கும் சேர்த்து 31.

போன மாதம் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். எங்கே என்பது வேண்டாம். குழுவில் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்கள் டெங்கு ஆளா, வாவி ஆளா?" என்று கேட்டார். வாவி என்றேன். "அப்படியென்றால் உங்கள் சொந்தத் துறையில் தாக்கம் இல்லையே" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவு நித்திரையும் வரவில்லை.

அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. 412 என்று மட்டும் எழுதினால் முழுவதும் என் உழைப்பு போலத் தெரியும். டெங்கை விட்டுவிட்டு 149 என்று எழுதினால் செய்த வேலையை மறைத்ததாகிவிடும். வாவிக்கு வந்த 31 உண்மையிலேயே குறைவா, இல்லை அந்தத் துறையில் அவ்வளவுதான் வருமா? அதை எதனோடு ஒப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்து ராத்தா, சம்மாந்துறை:

தங்கச்சி, முதலில் அந்த 412 உங்களுடையதுதானா என்று பாருங்கள். பல்கலைக்கழக நூலகமொன்றில் 17 வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களின் பெயர்தான் இதில் பெரிய தலையிடி. தமிழ் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். எங்கள் பக்கத்தில் மூன்று நான்கு முதலெழுத்துகள் சர்வசாதாரணம். கலியாணம் முடித்த பிறகு சிலர் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆய்விதழின் படிவமோ குடும்பப்பெயர் கேட்கும். ஒரு தடவை நம் பெயரைக் கொடுப்போம், அடுத்த தடவை வாப்பாவின் பெயரைக் கொடுப்போம். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் அதை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். கூகுள் ஸ்கொலரில் தலைகீழ்ப் பிரச்சினை: அதே முதலெழுத்தும் பெயரும் உள்ள வேறொருவரின் கட்டுரை உங்கள் பக்கத்தில் வந்து குந்திவிடும். தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு 19ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஓர்கிட் எண் இல்லாவிட்டால் இன்றைக்கே எடுங்கள். 2012இல் தொடங்கியது, காசு இல்லை, 16 இலக்கம். பெயரை எப்படி எழுதினாலும் அந்த எண் உங்களோடு வரும்.

எண்ணை எழுதும்போது எங்கே, எந்தத் திகதியில் எடுத்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும்கூட எண்ணும். ஸ்கோபஸ் தான் தெரிவுசெய்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டுமே எண்ணும். அதனால் இரண்டு எண்ணும் ஒத்துவராது.

31 குறைவா என்று கேட்டீர்கள். மருத்துவத்தில் எழுதுகிறவர்கள் ஏராளம், ஒவ்வொரு கட்டுரையின் பின்னாலும் உசாத்துணைப் பட்டியல் நீளம். உவர்நீர் வாவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேர். கணிதக்காரருக்கு மேற்கோள் வர இன்னும் காலமெடுக்கும். ஆகவே டெங்குக் கட்டுரையையும் வாவிக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே பிழை. அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையாக வந்த கட்டுரைகளோடு ஒப்பிடும் அளவு ஒன்று ஸ்கோபஸில் உண்டு. அதில் உலகச் சராசரி 1. உங்களுக்கு 1.5 வந்தால் சராசரியைவிட 50 வீதம் கூட என்று பொருள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். டெங்கு ஒன்றே மற்றதையெல்லாம் தூக்கிவிடும். கட்டுரை கட்டுரையாக எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற பௌதிகவியல் ஆசிரியன், களுவாஞ்சிகுடி:

மகள், எச்-இன்டெக்ஸை 2005இல் கொண்டுவந்த ஹோர்ஹே ஹிர்ஷ் ஒரு பௌதிகவியலாளர். எட்டு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் எட்டு இருந்தால் 8. ஆக, உங்கள் டெங்குக் கட்டுரைக்கு 263 வந்தாலும் 8 வந்தாலும் அந்தக் கணக்கில் அது ஒரு கட்டுரைதான். அவருடைய அதே கட்டுரையிலேயே பௌதிகவியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சொலமன் ஸ்னைடருக்கு 191 என்று காட்டி, துறைக்குத் துறை எண் மாறும் என்பதை எழுதியிருக்கிறார். எண்ணை உண்டாக்கியவரே சொன்னதை நேர்முகக் குழுவுக்கு நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

பல பேர் எழுதும் கட்டுரை பற்றியும் ஒன்று. ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் அவர்களுடைய பெயரும் நிறுவனமும். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேரின் பக்கத்திலும் முழுதாக ஏறுகிறது. அதில் பொய் இல்லை, ஆனால் யார் என்ன செய்தார் என்பது அந்த எண்ணில் கிடையாது. அதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

நம்முடைய காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1947இல் வந்த அவருடைய யாழ் நூலில் பழைய இலக்கியமும் இசையும் கணிதமும் ஒன்றாக நிற்கின்றன. அவரை எந்தத் துறைப் பெட்டிக்குள் வைப்பது? நீங்கள் இரண்டு துறையில் நிற்பதற்கு மனம் குறுக வேண்டாம்.

பொதுச் சுகாதார வைத்தியர், அக்கரைப்பற்று:

மிஸ், ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். ஆறு கிழமை வேலை என்று டெங்குக் கட்டுரையை நீங்களே தள்ளி வைக்கிறீர்கள். டெங்கு நுளம்பு சுத்தமான நன்னீரில்தான் பெருகும் என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கரையோரத்தில் பாழடைந்த கிணறு, கைவிட்ட தோணி, எறிந்த பாத்திரம் இவற்றில் நிற்கும் உவர்நீரிலும் அதன் குடம்பி வளர்கிறது என்று மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு உப்பு எங்கே எவ்வளவு என்று தெரிந்த ஆள் எங்களுக்குத் தேவைப்படுகிறார். நுளம்பு படித்தவருக்கு அது தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. வாவியில் 26 மாதம் நின்ற உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆறு கிழமைக்குப் பின்னால் அந்த 26 மாதம் இருக்கிறது. இரண்டையும் வெட்டிப் பிரிக்காமல் அந்தத் தொடர்பை எழுதுங்கள்.

வந்தாறுமூலை மாணவன்:

அக்கா, முகத்துவாரம் பற்றிய உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா? இணையத்தில் காசு கேட்கிறது. என் இறுதியாண்டுச் செயற்றிட்டம் உப்பாற்றுப் பக்கம்.

நூலகத்து ராத்தா, சம்மாந்துறை:

டொக்டர் சொன்னதை எழுத ஒரு வழி இருக்கிறது. இணை ஆசிரியரின் பங்கை 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் முறையைப் பல ஆய்விதழ்கள் பின்பற்றுகின்றன: யோசனை, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, வரைபடம், முதல் வரைவு என்று போகும். உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கலாம், பாருங்கள். இருந்தால் அந்தச் சொற்களையே எடுத்து எழுதுங்கள். மற்றது, ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் கொள்கை அறிக்கையில் பத்துக் கோட்பாடுகள் உண்டு. மூன்றாவது, அந்தந்த ஊருக்குத் தேவையான ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பது. முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்ற கேள்வி உலகத்தில் எத்தனை பேருக்கு வேண்டும்? நம் மீனவருக்கும் வயல்காரருக்கும் வேண்டும். அந்த வரியைத் துணிந்து சேர்த்துவிடுங்கள்.

வாவிக்கரை, நாவற்குடா:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக இதிலேயே இருந்தேன்.

ராத்தா சொன்னது சரி. மூன்று கட்டுரைகள் என்னுடையவை அல்ல, என் பெயரே உள்ள ஒரு இரசாயனவியலாளருடையவை. அவற்றோடு 46 மேற்கோள்கள் போயின. அப்பாவின் பெயரில் தனியாகக் கிடந்த என் பழைய மாநாட்டுக் கட்டுரை ஒன்று 4 மேற்கோளோடு திரும்பி வந்தது. இப்போது 17 கட்டுரைகள், 370 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 7. இரண்டு வருடமாகப் பிழையான எண்ணைப் படிவங்களில் எழுதியிருக்கிறேன் என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது.

வாவிக் கட்டுரைகளின் 31ஐயும் ஒவ்வொன்றாக வாசித்தேன். 9 நானே என்னை மேற்கோள் காட்டியவை. மிச்சம் 22இல் பெரும்பாலானவை ஒரு வரியில் கடந்து போகின்றன. ஆனால் ஐந்து பேர் என் அளவீட்டு முறையை எடுத்துத் தங்கள் வாவியில் செய்திருக்கிறார்கள். அதில் ஒருவர் ஒடிசாவின் சிலிகா வாவியில். இதை இவ்வளவு காலமும் திறந்து பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் இப்படி எழுதுகிறேன்: மொத்தம் 370, கூகுள் ஸ்கொலர், எடுத்த திகதி, அதில் 263 டெங்குக் கட்டுரைக்கு, 14 பேரில் என் பங்கு வரைபடமும் மழைத் தரவும். கீழே வாவிக் கட்டுரைகள் தனியாக, அந்த ஐந்து ஆய்வுகளும் என்ன செய்தன என்ற இரண்டு வரியோடு. டொக்டர் சொன்ன உவர்நீர்த் தொடர்பு முதல் பந்தியில் வரும்.

தம்பி, கட்டுரையைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். உப்புத் தரவும் வேண்டுமென்றால் கேளுங்கள்.

படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை, தனித்தாளாக இணைக்கப் போகிறேன். ராத்தா, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?