தொழில்வழிச் சிகிச்சைக்கு அம்மாவை எங்கே கொண்டு செல்வது?

கோப்பாயில் எங்களுடன் வசிக்கும் அம்மாவுக்கு (வயது 63) ஒன்பது வாரங்களுக்கு முன் பக்கவாதம் ஏற்பட்டு வலப்பக்கம் செயலிழந்தது. இயன்மருத்துவப் பயிற்சியால் இப்போது ஊன்றுகோலுடன் முற்றம் வரை நடக்கிறார், வலக்கைதான் தேறவில்லை. தோளை உயர்த்த முடிகிறது, ஆனால் விரல்கள் மடங்கியபடியே இறுகி நிற்பதால், சட்டைக் கொக்கியை மாட்டவோ புட்டைக் குழைத்து எடுக்கவோ இயலவில்லை.

உண்பது, உடுப்பது, குளிப்பது போன்ற அன்றாடச் செயல்களை மீளப் பழக்குவதும், விரல்களை நேராக வைத்திருக்கும் தாங்கியைக் கைக்கு அளவாகச் செய்து கொடுப்பதும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணி என்று வைத்தியசாலை விடுதியில் இருந்தபோது அறிந்தோம். (பெயரைக் கேட்டு, வேலை தேடித் தருபவராக்கும் என்றே முதலில் நினைத்தேன்.) வீடு திரும்பும்போது தந்த துண்டில் அதற்கான பரிந்துரை இல்லை.

கரண்டிப் பிடியில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினோம். மடங்கிய விரல்களுக்குள் அது நின்றுகொள்வதால், பாதி சிந்தினாலும் தானே உண்கிறார். பந்தை அழுத்தும் பயிற்சி விறைப்பைக் கூட்டியதால் நிறுத்திவிட்டோம். வீட்டுக்கு வந்து சிகிச்சை செய்வதாகச் சொன்ன ஒருவரிடம் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இலக்கத்தைக் கேட்டபோது, சில மாதப் பயிற்சிச் சான்றிதழையே காட்டினார். உரிய பட்டமோ டிப்ளோமாவோ முடித்து அச்சபையில் பதிந்தவரிடமே கையை ஒப்படைப்பது என்று அவரை விட்டுவிட்டோம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் எந்த அரச வைத்தியசாலைக்கு, எந்தக் கிளினிக்கின் துண்டுடன் சென்றால், தொழில்வழிச் சிகிச்சையாளர் வெளிநோயாளரைப் பார்க்கிறார்?