வீட்டுப்பாடத்தில் சாட்ஜிபிடி: விதிமுறை எழுத உதவி தேவை

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்கள் செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் கை கொடுங்கள்.

முழுத் தடை எனக்குச் சரியாகப் படவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, ஒளிவிலகலை சாட்ஜிபிடியிடம் நாலு விதமாகக் கேட்டுப் புரிந்துகொண்டு வந்தாள். என்னிடம் அத்தனை முறை கேட்டிருக்க மாட்டாள். ஆனால் சில ஆய்வகக் குறிப்பேடுகளில் பத்தி பளபளக்கிறது, "இந்த அளவீட்டை ஏன் விட்டுவிட்டாய்?" என்றால் திருதிருவென்று முழிக்கிறார்கள்.

இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் மென்பொருள் வாங்கலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதியதைக்கூட இத்தகைய கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று சொல்லிவிடுவதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். பாவம், எழுதிய பிள்ளைக்குத்தான் கெட்ட பெயர்.

உங்களிடம் கேட்க நினைப்பது இதுதான். எழுத்துக்குப் பாதி, வாய்மொழிக் கேள்விக்குப் பாதி என்று மதிப்பெண்ணைப் பிரித்தவர்கள் உண்டா? நேரம் போதுகிறதா? சாட்ஜிபிடியுடன் நடத்திய உரையாடலின் பதிவையும் சேர்த்துத் தரச் சொன்னால் பிள்ளைகள் ஒழுங்காகத் தருகிறார்களா? அப்புறம், வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது என்கிறது யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டுதல். பெற்றோர் ஒப்புதலை எழுத்தில் வாங்குகிறீர்களா? உங்கள் பள்ளி விதிமுறை கையில் இருந்தால் அப்படியே பகிருங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.