1,20,000 கி.மீ. ஓடிய வண்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: 125 சிசி வண்டி. மன்னார்குடி, திருவாரூர் என்று தினமும் ஓடி 1,20,000 கி.மீ. தாண்டிவிட்டது. 15 வருடம் முடியப் போகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் நீலப்புகை வருகிறது, அப்புறம் புகை நின்றுவிடுகிறது. அப்பா வாங்கித் தந்த வண்டி, விற்க மனமே வரவில்லை.

பதில் 1: விற்காதீர்கள் தம்பி. ஸ்டார்ட்டில் மட்டும் புகை என்றால் பெரும்பாலும் வால்வு சீல்தான் (வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்), சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் புகைந்தால்தான் பிஸ்டன் ரிங்கையும், பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளையான போரையும் பார்க்க வேண்டும். அதுவும் முடிவல்ல, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டால் எஞ்சின் மறுபடி ஓடும்.

என் வண்டி 1,80,000 தாண்டியது. 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியதைத் தவிர பெரிய ரகசியம் இல்லை. நம் பக்கம் எஞ்சினைவிட மற்றதுதான் முதலில் போகிறது. அறுவடை நேரத்தில் ரோட்டில் காயும் வைக்கோல்மேல் ஓட்டி, பின்சக்கர அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன், உள்ளே பேரிங் சீல் கிழிந்திருந்தது. அன்றிலிருந்து தை, மாசியில் வாரம் ஒருமுறை குனிந்து பார்க்கிறேன்.

பதில் 2: வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் சைலன்சரும் சேஸும் (வண்டியின் இரும்புச் சட்டம்)தான் அரிக்கும். செயின் கவரைக் கழற்றி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். சேஸ் நன்றாக இருந்தால் செலவு செய்யலாம். 15 வருடம் முடிகிறது என்றால் ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், தேதி தாண்டவிடாதீர்கள்.

கேட்டவர்: சேஸ் சுத்தமாக இருக்கிறது. சனிக்கிழமை வால்வு சீல் மாற்றக் கொடுக்கிறேன் அண்ணா.