நஸ்தாஸ்யா தானாக அழிந்தாளா? ('அசடன்' நாவலின் முடிவு தெரியாதவர்கள் உள்ளே வரவேண்டாம்)

பனிக்காலம்:
தஸ்தாயெவ்ஸ்கி நஸ்தாஸ்யா பிலிப்போவ்னாவுக்கு அநியாயம் பண்ணிட்டார். நல்ல மனசுக்கார இளவரசன் மிஷ்கினைக் கட்டிக்க மணக்கோலத்துல வாசப்படி இறங்குறா. கூட்டத்துல, அவ மேல வெறியா இருக்கிற ரோகோஷினைப் பார்த்ததும் காப்பாத்துன்னு அவன்கிட்ட ஓடுறா. கொன்னுடுவான்னு தெரிஞ்சேதான். கடைசியில ரெண்டு ஆம்பளைங்க அவ பிணத்துக்குப் பக்கத்துல ராத்திரி பூரா கிடக்கணும், அதுக்காகவே ஒருத்தியைப் படைச்ச மாதிரி இருக்கு.

மேகலை:
முதல் பாகத்தை அப்படியே தாண்டிட்டீங்களே. பெத்தவங்க இல்லாத பிள்ளை. வளர்த்த டோட்ஸ்கியே பதினாறு வயசுல கிராமத்து வீட்டுல வச்சு அவளைச் சீரழிச்சான். தனக்கு நல்ல சம்பந்தம் அமையப் போகுதுன்னதும் 75,000 ரூபிள் கொடுத்து, பணத்தாசை பிடிச்ச கான்யாங்கிறவன் தலையில அவளைக் கட்டப் பார்க்கிறான். அவ பிறந்தநாள் அன்னைக்கே ரோகோஷின் அவளுக்கு விலையா 18,000, 40,000, ஒரு லட்சம்னு ஏத்திக்கிட்டே போறான். அழிச்சது யாருங்க?

பனிக்காலம்:
டோட்ஸ்கி அயோக்கியன்தான், யார் இல்லேன்னா? ஆனா பிறந்தநாள் விருந்துக்கு ரோகோஷின் கொண்டு வந்த அந்த ஒரு லட்சத்தை அவ அடுப்புல போட்டு எரிச்சது வெறும் நாடகம்.

மேகலை:
எரியலையே! செய்தித்தாள்ல சுத்தின கட்டு, வெளிப்பக்கம்தான் கருகிச்சு. வெறுங்கையால எடுத்தா உனக்குத்தான்னு கான்யாகிட்ட சொன்னா. அவன் மயங்கி விழுந்தான். அவளே இடுக்கியால எடுத்து, அது அவனுக்குன்னு சொல்லிட்டுப் போனா. அந்த அறையில எல்லாருக்கும் விலை இருந்துச்சு, அதை அவ அம்பலமாக்கினா.

கரிசல்:
நான் பனிக்காலம் பக்கம். அந்த அவமானத்துலயே அவளுக்கு ஒரு பயங்கர சுகம் இருக்குன்னு மிஷ்கினே, அவன் விரும்புற இன்னொருத்தி அக்லயாகிட்ட சொல்றானே. ஆசிரியரோட தீர்ப்பும் அதுதான்.

மேகலை:
அது மிஷ்கினோட கணிப்பு. இரக்கப்பட்டே அவளை நோயாளி ஆக்குறான், எனக்கு அங்கதான் கோபம் வருது. விருந்துல அவன் கட்டிக்கிறேன்னப்ப அவ மறுத்த காரணம் வேற: குழந்தை மாதிரி இருக்கிற இவனைக் கெடுக்க மாட்டேன்னு. அவன் நல்லா இருக்கட்டும், நீ அவனைக் கட்டிக்கோன்னு அக்லயாவுக்குக் கடிதம் மேல கடிதம் எழுதினவ அவ.

கரிசல்:
சரி, டோட்ஸ்கி வீட்டை விட்டு அப்பவே வெளியேறியிருக்கலாமே?

மேகலை:
அக்லயாவும் இதையேதான் கேட்டா. நாடகமில்லாம விலகியிருக்கலாமே, துணி வெளுத்துப் பிழைச்சிருக்கலாமேன்னு. பிறந்தநாள் விருந்துலயே நஸ்தாஸ்யா அதைச் சொல்லிட்டா: நாளைக்கே துணி வெளுக்கப் போறேன், என் மேல இருக்கிற எதுவும் என்னுது இல்ல, வெறுங்கையோட போனா என்னை யார் ஏத்துப்பான்னு. அந்த இடத்தைத் திரும்பப் படிச்சுட்டு வாங்க, பேசலாம்.

பனிக்காலம்:
படிக்கிறேன். ஆனா மிஷ்கின் ஏத்துக்கிறேன்னு சொன்னானே? அதுக்கப்புறமும் அவளைக் கத்திமுனைக்கு அனுப்பினது ஆசிரியர்தான். அதுல நான் மாறல.