நிலைவாசலில் கட்டிய ஆகாசகருடன் கிழங்கு: பாம்பு அண்டாதா, மூட்டுவலிக்கு அரைத்துக் கொடுக்கலாமா?

கல்லிடைக்காரி:
சாரல் காலத்தில் குற்றாலத்துக் கடையொன்றில் வாங்கிய ஆகாசகருடன் கிழங்கை, மஞ்சளும் குங்குமமும் இட்டு, வீட்டு நிலைவாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே அது கொடி விட்டுப் படரத் தொடங்கியிருக்கிறது. கண்ணேறு கழியும் என்பதோடு, இது இருக்கும் வீட்டில் பாம்பு நுழையாது என்றும் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் வயல் என்பதால் அதை நம்பித்தான் அத்தை வாங்கினார்கள். இப்போது பக்கத்து வீட்டு ஆச்சி, அதில் ஒரு துண்டை அரைத்து அத்தையின் மூட்டுவலிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

மானூர் செம்மண்:
முளைத்ததில் அதிசயம் இல்லை. இது கோவைக்காயின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. கொல்லங்கோவை என்றும் பெயருண்டு. வறண்ட காட்டில் கோடை முழுவதும் கொடி கருகிப் போனாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு நீரையும் மாவுச்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, மழை கண்டதும் மறுபடி துளிர்க்கும். கயிற்றில் தொங்கும்போதும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் முளைக்கிறது. நாளாக ஆகக் கிழங்கு சுருங்குவதை நீங்களே பார்க்கலாம்.

பாளை சித்தன்:
குடிக்கக் கொடுக்காதீர்கள், அக்கா. நான் சித்த மருத்துவம் படித்தவன். இந்தக் கிழங்கு கடுங்கசப்பு உடையது. அளவு மீறினால் வாந்தியும் பேதியும் உண்டாகும், வயதானவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். மருந்தாக உள்ளுக்குக் கொடுப்பதென்றால் அளவும் அனுபானமும் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்ற துணைப்பொருள்) அறிந்த வைத்தியர்தான் கொடுக்க வேண்டும். வெங்காயம், சீரகம், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்தரைத்து மூட்டு வீக்கத்துக்கு மேற்பூச்சாகப் போடும் வழக்கம் பழையது. அதையும் தோலில் புண் இருந்தால் போடக்கூடாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் அத்தையைக் காட்டிவிடுங்கள்.

பொருநைக்கரையான்:
தம்பி சொன்ன மருத்துவத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடையில் விலைக்கு வாங்கிக் கட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு, இதன் மாந்திரீகம் இவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. முறையாகக் கிழங்கு எடுப்பவர், முதலில் கொடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, பொங்கலிட்டு, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, தன் நிழல் செடிமேல் விழாமலும் நகம் படாமலும் தோண்டுவார். செடியிடம் அனுமதி கேட்காமல் பறித்தால் மருந்தும் பலிக்காது, மந்திரமும் பலிக்காது என்பது அவர்கள் கொள்கை. கட்டிய கிழங்கு துளிர்த்தால் வீட்டுக்கு நல்லது. அழுகினால் வீட்டுக்கு வந்த திருஷ்டியைத் தன்மேல் வாங்கிக்கொண்டது என்று பொருள். எங்கள் வீட்டின் முன்பகுதியான தார்சாவில் தலைமுறையாகத் தொங்குகிறது, பாம்பு வந்ததில்லை.

பாளை சித்தன்:
அண்ணாச்சி, துளிர்த்தாலும் நல்லது, அழுகினாலும் நல்லது என்றால் கிழங்கு ஒருபோதும் தோற்காது! திருஷ்டிக்குக் கட்டுவதில் யாருக்கும் கேடில்லை. பாம்பு விஷயத்தில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். கார் நெல் அறுப்பானாலும் பிசான நெல் அறுப்பானாலும், வயலை ஒட்டிய வீட்டுக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். வைக்கோல் படப்பை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள், தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இல்லாமலே இமை சரிந்து, மூச்சு நின்றுவிடக்கூடும். இந்தக் கிழங்கை விஷமுறிவாக அரைத்துக் கொடுக்கும் பழக்கமும் இருப்பதால் சொல்கிறேன்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவான விஷமுறிவு ஊசி மருத்துவமனையில்தான் இருக்கிறது. அரைக்கும் நேரத்தில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

கல்லிடைக்காரி:
அனைவருக்கும் நன்றி. பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டேன். கிழங்கு மட்டும் வாசலிலேயே இருக்கட்டும் என்கிறார்கள். ஒருவேளை அழுகினால் ஆற்றில்தான் விட வேண்டுமா?

பொருநைக்கரையான்:
ஓடும் நீரில் விடுவதுதான் வழக்கம், தாயி. ஆனாலும் தாமிரபரணியில் ஏற்கெனவே பரிகாரத் துணிகள் போதுமான அளவு மிதக்கின்றன. கால் படாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆடு தோண்டாத ஆழத்தில்.