சத்தம் வரவில்லை, ஆடியோ சாதனமே காட்டவில்லை: அண்ணனின் என்விடிஏ மறுபடி பேச உதவுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். என் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். வீட்டு டெஸ்க்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை (திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துத்தான் வினாத்தாள் அடிப்பது, மெயில் பார்ப்பது எல்லாம். மூன்று நாளாகக் கணினியில் சத்தமே இல்லை. நமக்கு மானிட்டர் இருண்டு போனால் எப்படியோ, அவருக்கு அப்படித்தான் இது.

செவ்வாய் இரவு இடியோடு மழை. கரண்ட் நான்கைந்து முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை கணினி ஆன் ஆனது, ஆனால் என்விடிஏ தொடங்கும்போது வரும் ஒலி வரவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஒலிச் சாதனம் எதுவும் இல்லை என்கிறது.

நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, விண்டோஸ் 10, மானிட்டர் விஜிஏ கேபிளில். ஸ்பீக்கரை என் போனில் செருகினால் பாடுகிறது. பல முறை ரீஸ்டார்ட் செய்தாயிற்று. போர்டில் உள்ள ரியல்டெக் ஆடியோ சிப்பின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருள்) இறக்கி நிறுவப் பார்த்தால் -0001 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது.

நேற்று ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்க, பெட்டியைத் திறந்து சில ஒயர்களைக் கழற்றி மாட்டினார். ஆடியோ சிப் எரிந்துவிட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியே இல்லையா? திங்கட்கிழமை அண்ணன் வினாத்தாள் கொடுக்க வேண்டும்.

விரல்வழி:
சகோதரி, எனக்கும் பார்வை இல்லை. அண்ணனின் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. பழுது பார்ப்பது அப்புறம், முதலில் அவரை வேலை செய்ய விடுங்கள். யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கட்டைவிரல் அளவில் ஒன்று கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். அதற்குள்ளேயே தனி ஆடியோ சிப் இருக்கிறது, போர்டில் உள்ள சிப்பை நம்பி இல்லை. டிரைவர் தேட வேண்டாம், செருகினால் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி ஹெட்செட் இருந்தாலும் போதும். செருகியதும் கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள், என்விடிஏ பேசும். நான் இதை மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்கிறேன். சத்தம் போனால், சத்தத்தைச் சரிசெய்யும் அமைப்புகளைக்கூட எங்களால் படிக்க முடியாது.

பழுதுநீக்கி:
அவர் சொன்னது சரியான யோசனை. அதிலேயே ஒரு சோதனையும் முடிந்துவிடும். யூஎஸ்பி-யில் சத்தம் வந்தால் விண்டோஸின் ஒலிச் சேவைகள் நன்றாக இருக்கின்றன, கோளாறு போர்டுப் பக்கம் என்று அர்த்தம்.

இன்னொன்று பார்த்துச் சொல்லுங்கள். விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், ஒலிச் சாதனங்கள் பகுதியில் என்னென்ன பெயர் இருக்கிறது? ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் ஹார்டுவேர் ஐடி (சாதனத்தின் அடையாள எண்) பாருங்கள். நிறுவன எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10ஈசி என்றால் ரியல்டெக்.

வைகைக்கரை:
பக்கத்து வீட்டுத் தம்பியின் யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினேன். என்விடிஏ பேசிவிட்டது! அண்ணன் உடனே உட்கார்ந்துவிட்டார். விரல்வழி அண்ணா, மிக்க நன்றி.

டிவைஸ் மேனேஜரில் ஹெட்செட்டைத் தவிர இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ மட்டும் இருக்கிறது, எண் 8086. ரியல்டெக் என்று எதுவுமே இல்லை.

பழுதுநீக்கி:
நல்லது, படம் தெளிவாகிறது. அந்த இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ, எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போகும் ஒலிக்கானது. உங்களுடையது விஜிஏ, அதில் ஒலி போகாது. பின்பக்கப் பச்சைத் துளைக்குச் சத்தம் தருவது ரியல்டெக் சிப், அதைத்தான் விண்டோஸ் பார்க்கவில்லை. சாதனமே தெரியாதபோது டிரைவர் எதன் மேல் உட்காரும்? -0001 அதனால்தான்.

ஆனால் எரிந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கரண்ட் ஏறி இறங்கும்போது இந்தச் சிப் சில நேரம் குழம்பிப்போய் பதில் தராமல் நின்றுவிடும். ஷட்டவுன் செய்தாலும் பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் சில கணினிகளில் மவுஸ் விளக்கு எரிவது அதனால்தான். அந்த மின்சாரம் முழுதாக நின்றால்தான் சிப் புதிதாக எழும். உங்கள் வீட்டில் அது நிற்கவே இல்லை என்று நினைக்கிறேன். சுவர் சுவிட்சை அணைத்தபோது யூபிஎஸ் கத்தியது என்றீர்களே, அதன் பேட்டரி அப்போதும் கணினிக்கு ஊட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த நிலையில் பெட்டிக்குள் கை வைத்ததும் தவறு, இனி யாரையும் விடாதீர்கள்.

ஷட்டவுன் செய்துவிட்டு, பவர் கேபிளைக் கணினியின் பின்பக்கமே பிடுங்குங்கள். மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி மாட்டி ஆன் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) போய் ஆன்போர்டு ஆடியோ எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சில போர்டுகளில் எச்டி ஆடியோ என்றோ, அஸாலியா என்றோ இருக்கும். இன்டெல் அந்த ஒலி முறைக்கு முதலில் வைத்த பெயர் அது.

வைகைக்கரை:
வந்துவிட்டது! ஆன் செய்ததும் ரியல்டெக் தானாகவே வந்தது, பயாஸுக்குப் போகவே தேவைப்படவில்லை. ஸ்பீக்கரில் என்விடிஏ குரல் கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்கள்.

ஒரே ஒரு குறை. முன்பக்கத் துளையில் இயர்போன் செருகினால் சத்தம் வரவில்லை. செருகியதையே கண்டுகொள்ளவில்லை. மழைக்கு முன்பு வேலை செய்தது. இரவில் அண்ணன் இயர்போனில்தான் கேட்பார்.

பழுதுநீக்கி:
கேட்கவே மகிழ்ச்சி. இது வேறு கோளாறு, நேற்று ஒயரைக் கழற்றி மாட்டியதில் வந்திருக்கும். முன்பக்கத் துளையிலிருந்து வரும் ஒயரின் நுனியில் பல கேபினெட்டுகளில் இரண்டு பிளக் இருக்கும். ஒன்றில் ஏசி97, மற்றதில் எச்டி ஆடியோ என்று எழுதியிருக்கும். ஏசி97 என்பது 1997-இல் வந்த பழைய முறை. உங்கள் போர்டில் எச்டி ஆடியோதான் போட வேண்டும். மாற்றிப் போட்டால், இயர்போன் செருகியது போர்டுக்குத் தெரியாது.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, எஃப் ஆடியோ என்று அச்சிட்ட இடத்தைப் பாருங்கள். ஒன்பது ஊசிகள், ஓரிடம் காலி. பிளக்கில் அடைத்திருக்கும் துளை அந்தக் காலியிடத்துக்கு நேராக வர வேண்டும். அழுத்தித் திணிக்க வேண்டாம்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்னபடியே ஏசி97-தான் மாட்டியிருந்தது. போன் டார்ச்சை அண்ணன் பிடித்துக்கொண்டார், நான் மாற்றினேன். இயர்போன் வேலை செய்கிறது. போர்டு மாற்றும் செலவும் மிச்சம். இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டு நன்றி. அண்ணன் வினாத்தாளில் கடைசிப் பகுதியை அடித்துக்கொண்டிருக்கிறார்.

விரல்வழி:
மனதுக்கு நிறைவாக இருக்கிறது. தம்பியிடம் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணனுக்கென்று ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிவிடுங்கள். எந்தத் துளையில் செருக வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.